கொடியும் கயிறும்

கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "தேசியக் கொடியில் காவி என்றால் ஒரு புத்தகத்தில் தியாகம் என்று இருக்கிறது, இன்னொன்றில் துறவு என்று இருக்கிறது. யூடியூபில் ஒருவர் காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்கிறார். எது சரி? அப்புறம் இன்னொரு சந்தேகம். யோசித்துப் பார்த்தால் கொடி ஒரு துணிதானே சார்? அதற்குப் போய் ஏன் இவ்வளவு அடிதடி?"

வடசென்னையில் முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். வாத்தியார் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு வேண்டியதை முதலில் முடித்துவிடுவோம். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு கொண்டுவந்த தீர்மானம்தான் கொடிக்கு மூலப் பத்திரம். அதில் நிறங்களுக்கு அர்த்தமே சொல்லப்படவில்லை. ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை மூன்றும் சம அளவில் கிடைப் பட்டைகள்; நடுவில் ராட்டையைக் குறிக்கும் கருநீலச் சக்கரம்; அந்தச் சக்கரம் சாரநாத் சிங்கத் தூணில் இருப்பதைப் போல; அகலம் இரண்டு பங்கு என்றால் நீளம் மூன்று பங்கு. அவ்வளவுதான். தியாகம், துறவு, வீரம், வளம் எதுவும் அதில் கிடையாது.

அப்படியானால் உங்கள் புத்தகங்களில் இருப்பதெல்லாம் எங்கிருந்து வந்தன? எல்லாமே உண்மையான பதில்கள்தான், ஆனால் வேறு வேறு வருஷத்துப் பதில்கள்.

யூடியூப்காரர் சொல்வது 1921. பெஜவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில், பிங்கலி வெங்கய்யா சிவப்பும் பச்சையுமாக ஒரு கொடியைக் காந்தியிடம் கொண்டுவந்தார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. சரி, மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று காந்தி வெள்ளையைச் சேர்க்கச் சொன்னார், நடுவில் ராட்டை வைக்கச் சொன்னார். அந்தக் கொடியில் வெள்ளை மேலே, பச்சை நடுவில், சிவப்பு கீழே. ஆக நிறத்துக்கு ஒரு மதம் என்ற கணக்கு யாரோ பின்னால் கட்டிவிட்ட கதை இல்லை, கொடி அப்படித்தான் பிறந்தது. ஆனால் பிறந்த அன்றே அந்தக் கணக்கில் ஓட்டை இருந்தது. எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். கேட்காமல் எப்படி இருப்பார்கள்? ஆளுக்கொரு பட்டை என்று ஆரம்பித்தால் கொடி ஜமுக்காளமாகத்தான் முடியும்.

இதைத் தீர்க்க 1931இல் கராச்சி காங்கிரஸ் ஏழு பேர் குழு ஒன்றைப் போட்டது. படேல், நேரு, ஆசாத் எல்லோரும் அதில் உண்டு. குழு என்ன பரிந்துரைத்தது தெரியுமா? மூவர்ணமே வேண்டாம், முழுக்கக் காவி, மூலையில் ஒரு ராட்டை. ஆசாத்தும் அதில் கையெழுத்துப் போட்டவர்தான் என்பதை இன்று காவி என்றதும் பதறுகிறவர்களும் பூரிக்கிறவர்களும் ஒருதரம் நினைத்துப் பார்க்கலாம். அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. சிவப்பைக் காவியாக்கி, மேலே கொண்டுபோய், வெள்ளையை நடுவில் வைத்து, நிறங்களுக்கு மத அர்த்தம் எதுவும் இல்லை என்று தீர்மானத்திலேயே எழுதியது. காவி தைரியமும் தியாகமும், வெள்ளை அமைதியும் உண்மையும், பச்சை நம்பிக்கையும் வீரப் பெருந்தன்மையும், ராட்டை ஏழை மக்களின் எதிர்பார்ப்பு. உங்கள் முதல் புத்தகத்தில் உள்ள "தியாகம்" இங்கிருந்துதான் வருகிறது.

"துறவு" வருவது 1947இல். தீர்மானம் வந்த அன்று சபையில் பேசியவர்களில் ஒருவர் ராதாகிருஷ்ணன். திருத்தணிக்காரர், கிறித்துவக் கல்லூரியில் படித்து மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். காவி என்றால் பற்றற்ற நிலை, பதவியில் இருப்பவர்கள் லாபம் பார்க்காமல் வேலை செய்ய வேண்டும் என்றார். வெள்ளை ஒளியும் உண்மையும். பச்சை நமக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு. சக்கரம் தர்மம், அதோடு அசைவு. அவர் பேசியது ஒரு உறுப்பினரின் பேச்சு. ஆனால் 2002இல் வந்த கொடி விதித் தொகுப்பின் முன்னுரையிலேயே அது எடுத்துப் போடப்பட்டதால் அரசாங்க விளக்கம் மாதிரியே ஆகிவிட்டது. தேர்வில் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். "1931 தீர்மானப்படி" என்றால் ஒன்று, "ராதாகிருஷ்ணன் விளக்கப்படி" என்றால் இன்னொன்று.

ராட்டை சக்கரமான கதையையும் சொல்லிவிட வேண்டும். முழு ராட்டையைக் கொடியில் வரைந்தால் ஒரு பக்கம் சக்கரம், இன்னொரு பக்கம் கதிர். கொடியைப் பின்னாலிருந்து பார்த்தால் இடம் மாறித் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும் என்பதால் சக்கரம் மட்டும் போதும் என்று நேரு விளக்கினார். தொழில்முறையில் பார்த்தால் சரியான காரணம். காந்திக்கு மனம் ஒப்பவில்லை. ராட்டை இல்லாத கொடிக்கு நான் வணக்கம் செலுத்த மாட்டேன் என்கிற அளவுக்கு வருத்தப்பட்டார். தீர்மானத்தில் "ராட்டையைக் குறிக்கும்" என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கிழவரைச் சமாதானப்படுத்தப் போட்ட சொல்லோ என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம், தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

நிறமும் படமும் இப்படி வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே அழகான சாட்சி உண்டு. பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றும்போது பாரதியின் மணிக்கொடிப் பாட்டைப் பாடாத பிள்ளை இல்லை. ஆனால் அவர் பாடிய கொடி நாம் ஏற்றுகிற கொடி இல்லை. பாட்டை நிதானமாகப் படித்துப் பாருங்கள்: உச்சியில் வந்தே மாதரம் என்ற எழுத்து, ஒரு பக்கம் இந்திரனின் வச்சிராயுதம், இன்னொரு பக்கம் துருக்கரின் இளம்பிறை. மூவர்ணம் பிறப்பதற்கு முன்பே எழுதிய பாட்டு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட நிவேதிதா வச்சிராயுதம் வைத்து ஒரு கொடி வரைந்திருந்தார், அந்தக் காலத்து வாசனை அது. பெஜவாடாவில் மூவர்ணப் பேச்சு நடந்த அதே 1921இல், சில மாதங்கள் கழித்து, திருவல்லிக்கேணியில் பாரதி கண்ணை மூடிவிட்டார். நூறு வருஷமாக நாம் ஒரு கொடியை ஏற்றிவிட்டு இன்னொரு கொடியைப் பாடிக்கொண்டிருக்கிறோம். யாருக்கும் இடறவில்லை. கொடியின் அர்த்தம் படத்தில் மட்டும் இருந்திருந்தால் இடறியிருக்க வேண்டும் இல்லையா?

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் சொந்தக் கதை ஒன்று.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஒரு சுதந்திர தினத்துக்கு பி.டி. மாஸ்டர் விடுப்பு. கொடி கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சின்ன வேலை. செய்து பார்த்தால்தான் தெரியும். இஸ்திரி போட்ட கொடியை நீளவாக்கில் மடித்து, பூக்கடையில் வாங்கின உதிரி ரோஜாவைப் பிய்த்து உள்ளே தூவி, பாய் மாதிரிச் சுருட்ட வேண்டும். அப்புறம் கொடிக் கயிற்றாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு சுருக்குமுடிச்சு. முடிச்சு இறுகினால் சிறப்பு விருந்தினர் எவ்வளவு இழுத்தாலும் அவிழாது, மேலே ஒரு மூட்டை தொங்கிக்கொண்டிருக்கும். தளர்ந்தால் பாதிக் கம்பத்திலேயே பூ கொட்டிவிடும். கடற்கரைப் பக்கத்துப் பள்ளி என்பதால் உப்புக் காற்றில் கப்பி துருப்பிடித்து வேறு இருந்தது. முடிச்சைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நான் எந்தப் பக்கம் மேலே என்று பார்க்கவில்லை.

விருந்தினர் இழுத்தார். முடிச்சு வெண்ணெய் மாதிரி அவிழ்ந்தது. பூ கொட்டியது. எல்லோரும் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தோம். பாட்டு ஆரம்பிக்கப் போகும் நேரம், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற ஆயாம்மாவின் குரல்: "சார், பச்சை மேல இருக்கு சார்." முந்தின நாள் அந்தக் கொடியைத் துவைத்து இஸ்திரி போட்டவர் அவர்தான். நானூறு பேரில் கொடியைப் பார்த்தவர் அவர் ஒருவர், மற்ற எல்லோரும் விருந்தினரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறக்கி, திருப்பிக் கட்டி, மறுபடி ஏற்றினோம். அதற்குள் விருந்தினரோடு வந்த இரண்டு பேர் போலீசில் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று குதித்தார்கள். யார் மேல் புகார்? முடிச்சுப் போட்ட என் மேலா, இழுத்த அவர் மேலா? அந்தக் கேள்வி வந்ததும் குதிப்பு அடங்கிவிட்டது. பின்னால் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். காவி கீழே இருக்கும்படி "வேண்டுமென்றே" ஏற்றினால்தான் குற்றம். அந்த ஒரு சொல்தான் என்னைக் காப்பாற்றியது.

அன்றைக்கு ஒன்று பிடிபட்டது. கொடிக்காக யாராவது சண்டை போட்டால் நான் துணியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கயிறு யார் கையில் இருக்கிறது, யார் கையில் இருக்கக்கூடாது என்று யார் சொல்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் பழைய வரலாறே வேறு மாதிரித் தெரிந்தது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கம்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எலைஹூ யேல் கவர்னராக இருந்தபோது 1680களில் நட்டது. கரை தட்டிய ஒரு கப்பலின் தேக்குப் பாய்மரம் என்பார்கள், ஏறத்தாழ 150 அடி. 1994இல் இரும்புக் கம்பம் வரும் வரை அதுதான் நின்றது. கடலில் வருகிற கப்பல் முதலில் பார்ப்பது அந்தக் கம்பத்தைத்தான். இந்த ஊர் யாருடையது என்பதற்கு அது பட்டா மாதிரி.

1932 ஜனவரி 26க்கு முந்தின இரவில் ஆர்யா என்கிற பாஷ்யம் அந்தக் கம்பத்தில் ஏறி மூவர்ணத்தைக் கட்டிவிட்டு இறங்கினார். விடிந்ததும் கோட்டையே கலங்கிப் போனது. இத்தனைக்கும் அந்தக் கொடியால் ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. பட்டா வேறு பெயருக்கு மாறின மாதிரி சில மணி நேரம் தெரிந்தது, அதுதான் குற்றம். பின்னாளில் ஓவியரானவர் அவர், முண்டாசு கட்டிய பாரதி படம் அவர் வரைந்தது. ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு முன்னால்தான், ஜனவரி 10 அன்று, திருப்பூரில் தடியடிபட்டு மறுநாள் குமரன் உயிரை விட்டிருந்தார். நாம் அவரை எப்படிச் சொல்கிறோம்? கொடி காத்த குமரன் என்கிறோம். கையை விட்டுக் கொடி போகவில்லை என்பதுதான் அவர் கதை முழுவதும்.

அதற்கும் முன்னால் அடையாறிலிருந்து அன்னி பெசன்ட் நடத்திய தன்னாட்சி இயக்கத்துக்கு ஒரு கொடி இருந்தது. ஐந்து சிவப்பு, நான்கு பச்சைப் பட்டைகள், ஏழு நட்சத்திரம், பிறை, மூலையில் பிரிட்டிஷ் கொடியே ஒட்டியிருக்கும். அவ்வளவு பணிவான கொடி. அதற்கும் கோயம்புத்தூர் மாஜிஸ்திரேட் ஒருவர் தடை போட்டார். மூலையில் தங்கள் கொடியே இருந்தும் பொறுக்கவில்லை. கம்பத்தில் ஏற்றியது வேறு கை.

சரி, வெள்ளைக்காரன் போன பிறகு? கயிறு நம் கைக்கு வந்ததும் நமக்குள்ளேயே கேள்வி வந்தது. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்றார் பெரியார், இல்லை இன்ப நாள் என்றார் அண்ணா, ஒரே இயக்கத்துக்குள். 1955இல் இந்தித் திணிப்பை எதிர்த்து ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கப் போவதாகப் பெரியார் அறிவித்தார். முதலமைச்சராக இருந்தவர் காமராஜர். இந்தி கட்டாயமாக வராது என்று அவர் உறுதி கொடுத்த பிறகு போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு தீக்குச்சிகூட உரசாமல் நடந்த கொடி எரிப்பு என்று வகுப்பில் சொல்வேன். கொடி எரியவில்லை, ஆனால் எரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு வாக்குறுதியை வாங்கித் தந்தது. துணிதானே என்று காமராஜரும் நினைக்கவில்லை, பெரியாரும் நினைக்கவில்லை. இருவருக்கும் அதன் மதிப்பு தெரியும்.

1957 நவம்பர் 26 அன்று சாதி ஒழிப்புக்காக அரசியல் சட்டத்தின் பிரிவுகளை எரித்தது நிஜமாகவே நடந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். அதைத் தடுக்கச் சென்னை மாநில அரசு அவசரமாகக் கொண்டுவந்ததுதான் தேசிய கௌரவ அவமதிப்புத் தடைச் சட்டம், மூன்று ஆண்டு வரை சிறை. 1971இல் இதே பெயரில், இதே மூன்று ஆண்டுத் தண்டனையோடு நாடு முழுமைக்கும் மத்தியச் சட்டம் வந்தது. என்னைக் காப்பாற்றின "வேண்டுமென்றே" அந்தச் சட்டத்தில் இருப்பதுதான்.

எரிப்பதைப் பற்றி ஒரு வேடிக்கை. கிழிந்து நைந்த கொடியை என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். கொடி விதிப்படி அதைத் தனிமையில், முழுசாக, மரியாதையோடு அழிக்க வேண்டும், எரிப்பதே நல்லது என்று எழுதியே இருக்கிறது. பொது இடத்தில் எரித்தால் சிறை, வீட்டுக் கொல்லையில் எரித்தால் முறை. அதே துணி, அதே நெருப்பு.

கயிற்றுச் சண்டை மாநிலத்துக்கும் டெல்லிக்கும் நடுவிலும் உண்டு. சுதந்திர தினத்தில் மாநிலங்களில் கொடி ஏற்றும் உரிமை முன்பு ஆளுநர்களுக்குத்தான் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஏற்றக்கூடாதா என்று கருணாநிதி இந்திரா காந்தியிடம் கேட்டு, 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநில முதல்வர்களும் ஏற்றுகிறார்கள். ஆளுநருக்குக் குடியரசு தினம். அதற்கு நான்கு வருஷம் முன்பு தமிழ்நாட்டுக்குத் தனிக்கொடி என்று ஒரு மாதிரியையும் அவர் வெளியிட்டார், ஒரு மூலையில் தேசியக் கொடி, இன்னொரு மூலையில் கோபுரச் சின்னம். அது நடக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட என்னை உலுக்கின சம்பவம் சென்னையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் நடந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிப் பக்கம், ஆத்துப்பாக்கம் ஊராட்சி. தலைவர் ஒரு தலித் பெண், முறையாகத் தேர்தலில் ஜெயித்தவர். 2020 சுதந்திர தினத்தில் அவரைக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியானதும் மாவட்ட ஆட்சியர் நேரில் போய், ஆகஸ்ட் 20 அன்று அவர் கையாலேயே ஏற்ற வைத்தார். இது அந்த ஒரு ஊரின் பிரச்சினை மட்டும் இல்லை. பட்டியல் சாதித் தலைவர்கள் பாகுபாடு இல்லாமல் கொடி ஏற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அந்த ஊரில் கொடியை எதிர்த்தவர்கள் யாரும் கிடையாது. கொடிக்கு வணக்கம் வைப்பார்கள், மிட்டாய் வாங்கிக்கொள்வார்கள். கயிற்றை அந்த அம்மா பிடிக்கக்கூடாது, அவ்வளவுதான். கொடியை எரிப்பேன் என்று அறிவித்தவரைத் தேசவிரோதி என்று சொல்ல நமக்கு நாக்கு சட்டென்று எழுகிறது. நாற்காலி இருந்தும் கயிற்றைத் தொட விடாதவர்களுக்கு அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்திக் கேட்டதில்லை. எது பெரிய அவமதிப்பு என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் பெரும்பாலும் நம்மை விட நிதானமாக இருந்திருக்கின்றன. தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கியது செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் யெகோவா சாட்சிகள். வருஷம் முழுவதும் கொடி ஏற்றக் குடிமகனுக்கு உரிமை உண்டு என்றது 2004இல், நவீன் ஜிண்டால் வழக்கில். 2002 வரை சாதாரண ஆள் விசேஷ நாளில் மட்டும்தான் ஏற்றலாம் என்று இருந்தது பலருக்கு மறந்தே போயிருக்கும். 2002 விதித் தொகுப்புதான் அதைத் தளர்த்தியது. எனக்குப் பிடித்தது நம் உயர் நீதிமன்றத்தின் கேக் வழக்கு. 2013 கிறிஸ்துமஸுக்குக் கோவையில் இந்திய வரைபடமும் அசோகச் சக்கரமும் மூவர்ணமும் போட்ட ஒரு பெரிய கேக்கை வெட்டிச் சாப்பிட்டார்கள். கொடியை வெட்டினார்கள் என்று வழக்கு. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதை ரத்து செய்தார். விழா முடிந்து போனவர்கள் மனதில் தேசப் பெருமை இருந்ததா, நாட்டை அவமதித்த உணர்வு இருந்ததா என்பதுதான் அவர் கேட்ட கேள்வியின் சாரம்.

சினிமா தியேட்டரில் மட்டும் நீதிமன்றமே சறுக்கியது. 2016 நவம்பரில் படத்துக்கு முன் கீதம் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. அடுத்த மாதமே சென்னைத் தியேட்டர் ஒன்றில் எழுந்து நிற்காத இளைஞர்களை அடித்தார்கள். 2018 ஜனவரியில் கட்டாயம் விலக்கப்பட்டது.

மற்ற சின்னங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொன்றும் தனிப் பதில் கேட்கும். தமிழ்நாட்டு அரசுச் சின்னத்தில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பள்ளியில் படிக்கிறோம். வரைந்த ஓவியர் கிருஷ்ணா ராவ் குடும்பத்தார் மதுரை மேற்குக் கோபுரம் என்கிறார்கள். தேர்வில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். தமிழ்த்தாய் வாழ்த்தில் 1970இல் அரசு எடுத்துக்கொண்டபோதே சில வரிகளை விட்டுவிட்டார்கள். கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு தமிழிலிருந்து பிறந்தவை என்றும் ஆரிய மொழி வழக்கொழிந்தது என்றும் வரும் வரிகள். 2024 அக்டோபரில் சென்னைத் தூர்தர்ஷன் விழாவில் திராவிடம் வரும் வரி விடுபட்டபோது ஊரே கொந்தளித்தது. முதலில் விட்டது நாம், நம் பாட்டு. இரண்டாவது முறை விடுபட்டது வேறு மேடையில். 2021 டிசம்பரில்தான் அது மாநிலப் பாடலாகி, எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்ற ஆணை வந்தது. அதற்குச் சில நாள் முன்பு உயர் நீதிமன்றம் அப்படி நிற்கச் சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தது. 2025 மார்ச்சில் பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதில் "ரூ" வந்தது. அந்தக் குறியீட்டை 2010இல் உருவாக்கிய உதயகுமாரும் தமிழர், அவருடைய தந்தை தி.மு.க. எம்.எல்.ஏ.வாக இருந்தவர். இந்த மாதிரி விஷயங்களைக் கற்பனை செய்ய முடியாது.

செங்கோல் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். 1947இல் திருவாவடுதுறை ஆதீனத்துக்காகச் சென்னையில் உம்மிடி பங்காரு செட்டி நகைக்கடையார் செய்தது, ஆதீனம் நேருவிடம் கொடுத்தது, இவை சரி. மவுண்ட்பேட்டனிடமிருந்து அதிகாரம் கைமாறிய அடையாளம் என்பதற்குத்தான் அந்தக் காலத்து ஆவணம் காட்டப்படவில்லை. நடுவில் பல காலம் அலகாபாத் அருங்காட்சியகத்தில் அது நேருவுக்குப் பரிசாக வந்த தங்கக் கைத்தடி என்ற குறிப்போடு கிடந்தது. 2023இல் நாடாளுமன்றத்துக்குப் போனது. ஒரே பொருள், பரிசு, கைத்தடி, ஆட்சிச் சின்னம் என்று மூன்று பிறவி.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு கொடி இருக்கிறது, துணிதானே என்று சொல்வதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட வேண்டும். இலங்கைக் கொடியில் வாளேந்திய சிங்கம். 1951இல் சிறுபான்மையினருக்காகத் தமிழர்களுக்கு ஆரஞ்சு, முஸ்லிம்களுக்குப் பச்சை என்று இரண்டு பட்டைகள் சேர்த்தார்கள். ஆனால் சிங்கம் ஒரு தனிக் கட்டத்துக்குள், பட்டைகள் அந்தக் கட்டத்துக்கு வெளியே. கொடியை முடிவு செய்த குழுவில் இருந்த செனட்டர் நடேசன் உடன்படவில்லை. 1921இல் பெஜவாடாவில் செய்த அதே கணக்கு, ஆளுக்கொரு பட்டை. நாம் பத்து வருஷத்தில் அதைக் கலைத்துவிட்டோம், அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் கொடிதான் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். ஆனால் பின்னால் நடந்தது என்ன என்று தெரிந்த ஒருவருக்கு அந்தக் கொடியைப் பார்க்கும்போது பட்டைகள் எங்கே நிற்கின்றன என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

கட்சிக் கொடிகளைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் விடியாது. 2024 ஆகஸ்டில் ஒரு புதுக் கட்சி கொடியில் யானை வந்ததும், யானை எங்களுடையது என்று பகுஜன் சமாஜ் கட்சி சண்டைக்கு வந்ததும் நினைவிருக்கும். 2025 ஜனவரியில் பொது இடத்துக் கட்சிக் கொடிக்கம்பங்களையெல்லாம் எடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. எங்கள் தெருமுனையில் மட்டும் ஆறு கம்பம், ஒன்றை விட ஒன்று ஒரு சாண் உயரம்.

துணிதானே என்றீர்களே தம்பி. ஆமாம், துணிதான். இந்தியத் தர நிர்ணய வரிசையில் 1 என்ற எண்ணே அந்தத் துணிக்குத்தான், 1951இல் போட்டது. நூல், நிறம், தையல் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. 2021 கடைசி வரை கையால் நூற்று நெய்த துணியாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி. டிசம்பர் 30 அன்று பாலியஸ்டருக்கும் இயந்திரத் தயாரிப்புக்கும் அனுமதி வந்தது, அடுத்த ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி. சிக்னலில் 20 ரூபாய்க்கு விற்கிறார்கள். மலிவாகக் கிடைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராட்டையைக் குறிக்கும் என்று எழுதிவிட்டு ராட்டை தொடாத துணியில் அதை அச்சடிப்பது, காந்தி இருந்திருந்தால் இன்னொரு முறை வணக்கம் வைக்க மறுத்திருப்பார்.

நூலகத்திலிருந்து ஒரு நாள் மதியம் கிளம்பி, பேருந்து பிடித்துக் கோட்டைக்குப் போய்விட்டு வாருங்கள். அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் அதே கோட்டையில் ஏற்றின பட்டுக் கொடி இருக்கிறது, 12 அடிக்கு 8 அடி. அன்று ஏற்றியவற்றில் இன்றைக்கும் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்கிறார்கள். நான் போன அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டி பேரனோடு நின்றிருந்தார். பேரன் நிறங்களைச் சொல்லிக்கொண்டிருந்தான், பாட்டி குனிந்து கொடியின் ஓரத்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை விடுமுறை, வேறு கிழமையில் போங்கள்.